கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள்

என் வீட்டுக்காரருக்கு என் மேல் கோபம் என்றால் அது எனக்குச் சாயங்கால ஜெபத்தில்தான் தெரியவரும். வேலை முடிந்து வந்து குளித்ததும் இரண்டு பேரும் முன்னறையில் முழங்கால் போடுவோம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வீட்டில் நாவை அடக்கும் கிருபையைத் தாரும்" என்பார். யாருடைய நாவு என்று சொல்ல மாட்டார். வீட்டில் இருப்பதே இரண்டு நாக்கு, அதில் ஒன்று பேசுவதே இல்லை. நானும் சளைத்தவள் அல்ல. என் முறை வந்ததும், "ஒழுகுற கூரையைப் பத்தி ஆபீஸ் கிராணிகிட்ட வாயைத் திறக்க உம் பிள்ளைக்குத் தைரியம் கொடும் ஆண்டவரே" என்று ஒரு போடு போடுவேன். அந்த வாரத்துக்குள் எஸ்டேட் ஆபீஸிலிருந்து கூரைக்குத் தகரம் வந்துவிடும். ஆண்டவர் கேட்டார் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்வோம்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பேச்சை நான் குறைவாக நினைக்கவில்லை. என் அப்பா வாயைத் திறந்தால் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சபைக்கு வந்தபிறகு எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் பலருடைய வாய் சுத்தமானது. சுத்தமான அந்த வாயிலிருந்து சில சாதாரண வார்த்தைகளும் காணாமல் போயின என்பதுதான் என் புகார்.

"பயமாக இருக்கிறது" என்று நாங்கள் சொல்வதில்லை. அது அவிசுவாசம். "உடம்பு சரியில்லை" என்று சொல்வதில்லை. "சுகமாயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பிரஷர் இருப்பதாக டாக்டர் சொன்னதை ஒருநாள் ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "எனக்குப் பிரஷர்னு அறிக்கை பண்ணாதீங்க சிஸ்டர். அது உங்களுது இல்ல, சத்துருவோடது" என்று ஒரு சகோதரி பதறினார். மாத்திரையை மட்டும் நான்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படியே காலம் போயிருக்கும், வீட்டைக் காலி செய்யும் நாள் வராமலிருந்தால்.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வருஷக் கடைசியோடு ரிட்டயர்மெண்ட். நாங்கள் இருப்பது எஸ்டேட் வீடு, வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு ஒரே மகன். மலைக்குக் கீழே, தூரத்துக் கிள்ளான் டவுனில் இருக்கிறான். ஒரு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன், வந்துவிடுங்கள் என்று போன் செய்துகொண்டே இருந்தான். எனக்கு அந்த ஊர் ஆகாது. வெயிலைச் சொல்லவில்லை, அது பழகிவிடும். மேலே தேயிலைத் தோட்டத்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் டீக்கடையில் எனக்கு வேலை. எஸ்டேட் கொடுத்தது அல்ல, நானே தேடிக்கொண்டது. கேக் வெட்டுவேன், நாலு பாஷையில் நாலு வார்த்தை பேசுவேன், மாசம் பிறந்தால் என் கைக்குச் சம்பளம். அதை விட்டுவிட்டு மருமகள் வீட்டில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை என்னாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மலையிலேயே இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், கடைக்கு மேலே இரண்டு அறை காலியாகிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் மனசு அங்கேயே கால் ஊன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஆண்டவர் வழிகாட்டுவார்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும் அதேதான். நான் சட்டியைக் கழுவினேன், கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். நான் ஒரு இருமல் இருமினால் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்ப்பார்.

புதன்கிழமை ஜெபக் கூட்டம் அந்த வாரம் எங்கள் வீட்டில். பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நன்றி சொல்லும் ஸ்தோத்திர பலி நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கண்ணை மூடினார். "கிள்ளானில் எங்களுக்காக ஒரு வாசலைத் திறந்தீரே, அதற்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எங்கே குடியிருக்கப் போகிறேன் என்பதை ஊரோடு சேர்ந்து நானும் அப்போதுதான் கேட்கிறேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடித்துவிட்ட காரியத்தை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? எல்லாரும் உரக்க "ஆமென்" என்றார்கள். நான் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். சின்ன வீடு, ஒரு குரல் குறைந்தாலும் தெரியும். யாரோ இருமினார்கள். அடுத்து ஜெபித்த சகோதரி குரலை இறக்கி, "கடினமான இருதயங்களை மெழுகைப்போல உருக்கும் தகப்பனே" என்றார். அந்த இருதயம் யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை.

அதோடு விடவில்லை. வேலைக்கு வேன் ஏறும் இடத்தில் சபைப் பெண்கள், "அக்கா, உங்களுக்காகப் பாரத்தோட ஜெபிக்கிறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். இனிக்க இனிக்கப் பேசினார்கள். உங்களுக்கு என்ன பிரச்சினை அக்கா, ஏன் போக இஷ்டமில்லை என்று ஒருத்தியாவது கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். யாரும் கேட்காததால் எனக்கு எரிச்சல்தான் ஏறியது.

சனிக்கிழமை காய்கறி வாங்க பிரிஞ்சாங்குக்கு இறங்கினேன். கடைக்கார அண்ணன் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடி கூப்பிட்டார்.

"என்னாக்கா, ரூம் வேணுமா வேணாமா?"

"ஆண்டவருக்குச் சித்தமானா வரோம்ணே" என்று என் வாய் தானாகச் சொன்னது.

அவர் சிரித்துவிட்டார். "நானும் இன்ஷா அல்லாஹ்னு சொல்ற ஆளுதான்லா. ஆனா சொல்றப்போ வருவேனா மாட்டேனான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? வேற ஆளுங்க கேக்கறாங்க. இன்னிக்கிப் பொழுதுக்குள்ள போன் பண்ணுங்க, போதும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உடம்பு கொதித்தது. கடைக்காரர் மேல் கோபமில்லை. என் வீட்டுக்காரரிடம் நான் எதைக் குறையாகப் பிடித்தேனோ, அதையே நானும் ஒரு கடைவாசலில் செய்துவிட்டு வருகிறேன். புருஷனிடம் நேருக்கு நேர் கேட்க எனக்கே தைரியமில்லை. பழியை ஆண்டவருடைய சித்தத்தின் மேல் போட்டாயிற்று.

சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து முழங்கால் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடி, "அன்பின் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார்.

"என்னங்க, கண்ணைத் தெறங்க" என்றேன்.

அவர் திறந்தார். கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"கிள்ளானுக்குப் போகணும்னு ஆண்டவர் சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

தோளில் கிடந்த டவலை இழுத்து மடித்தார். பிறகு, "நான்தான்" என்றார்.

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்ட சொன்னா நீ வேணாம்ப. ஆண்டவர்கிட்ட சொன்னா அவர் குறுக்க பேச மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. முழங்காலிலிருந்து இறங்கித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். போன பள்ளி விடுமுறையில் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நெஞ்சுவலி வந்தபோது, வேனில் மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் இவரும் ஒருவர். அவள் வழியிலேயே போய்விட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வேனுக்குள் நடந்ததை இவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கியா பார்ம் கிட்ட ஒரே ஜாம். டூரிஸ்ட் கார் முன்ன பின்ன நகரல. ரெண்டு பக்கமும் ஸ்ட்ராபெரி வித்துக்கிட்டு இருக்கான். அவ என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'அண்ணே, நான் செத்துருவேன் போல, சின்னவகிட்ட…'ன்னு ஆரம்பிச்சா. நான் விடல. 'அப்படிலாம் பேசாதம்மா, சுகம்னு சொல்லு, சுகம்னு அறிக்கை பண்ணு'ன்னேன். நான் சொன்னதுக்காக அவளும் சொன்னா. சுகம், சுகம்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கம்போங் ராஜா வர்றதுக்குள்ள மூச்சு நின்னு போச்சி." அவர் முகத்தை டவலால் துடைத்தார். "சின்னவகிட்ட என்ன சொல்ல வந்தான்னு தெரியல. அந்தப் புள்ள ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிறப்போ என்னைப் பாத்து 'ஸ்தோத்திரம் மாமா'ங்குது. எனக்குத் தலைய நிமித்த முடியல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கிள்ளான்ல மகன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி. உனக்குப் பிரஷர். இந்த ரோட்டுல உன்னைக் கொண்டுபோக என்னால முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. இத்தனை மாதமாக இந்த மனிதர் ஒவ்வொரு இருமலுக்கும் என்னைப் பார்த்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லிடுங்க" என்றேன். "அம்மா கடைசியா உன் பேரைத்தான் எடுத்தாங்கன்னாவது சொல்லுங்க. உங்களால முடியலன்னா நானும் வரேன்."

தலையாட்டினார்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நடுவுல மறிக்காதீங்க. கிள்ளான்ல ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குன்னு ஒரு ரூமுக்குள்ள உக்காந்து என்னால காத்துக்கிட்டிருக்க முடியாது. நான் வேலைக்குப் போவணும். இந்தக் குளிர் வேணும். மாத்திரையை ஒழுங்காப் போடறேன், மாசா மாசம் கிளினிக் போறேன். அதுக்கு மேல அந்த ரோட்டுல நான் செத்துப்போனா…"

அவர் கை உயர்ந்தது. "இயேசுவின் நாமத்துல" என்று உதடு கூடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டார்.

"செத்துப்போனா போறேன். அப்ப நான் என்ன சொன்னாலும் காதுல வாங்கிக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வெளியே ஏதோ லோரி மேடேறிப் போகும் சத்தம். நான் சொன்னதற்கு ஒரு வசனம் வரும், இல்லாவிட்டால் ஒரு ஸ்தோத்திரமாவது வரும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன்.

"எனக்கு இது புடிக்கல" என்றார். "கொஞ்சமும் புடிக்கல. ஆனா பிரிஞ்சாங்குக்கே வரேன்."

நேராகப் பேசச் சொன்னவள் நான்தான். கேட்டதும் எனக்கு வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரின் நம்பரை எடுத்து, போனை அவர் கையில் கொடுத்தேன். "வரோம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.