தாலி ஊக்கில் ஒட்டிய பச்சை

அன்று என் மகள் அதை விழுங்கினாளா, இல்லையா? இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. வைத்திக்குப்பம் என்ற மீனவர் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். கணவர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். மகளுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. பால் குடிக்கும்போது என் தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் ஊக்குகளை இழுத்து வாயில் வைத்துக்கொள்வாள். மூடித்தானே இருக்கிறது என்று நானும் விட்டுவிடுவேன்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வது ஒரு வெள்ளைப் பொருள். ஊதா விளக்கைக் காட்டி அணைத்த பிறகும் சில நொடி பச்சையாக ஒளிரும். ஆனால் படிகமாக இருந்தால்தான். திரவத்தில் கரைத்துவிட்டால் மூலக்கூறுகள் தனித்தனியே ஆடி அசைந்து, வாங்கிய ஆற்றலை வீணாக்கிவிடும். நெருக்கமாக அடுக்கி, அசைய இடமில்லாமல் போனால்தான் அந்த ஆற்றல் மெதுவாக வெளிச்சமாக வெளியே வரும். படிகத்தை நசுக்கினாலும் ஒளி போய்விடும்.

அன்று மதியம் குப்பியின் கழுத்தில் ஒரு படிகம் சிக்கிக்கொண்டது. கரண்டி உள்ளே நுழையவில்லை. துப்பட்டாவுக்கு எடுப்பதுபோலவே, யோசிக்காமல், கையுறைக் கையால் தாலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நெம்பி எடுத்தேன். துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டேன். கோட்டைக் கழற்றினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டேன். அவள் ஊக்கைச் சப்புவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நாத்தனார் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். கள்ளநோட்டு பார்க்கச் சின்ன ஊதா டார்ச் ஒன்று வைத்திருப்பார். கணவர் ஓடிப்போய்க் கேட்க, அவரும் கூடவே வந்துவிட்டார். ஜன்னலைச் சாத்திப் போர்வைக்குள் உட்கார்ந்தோம். மகளின் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். டார்ச் பட்டதும் அவள் சட்டை நீலமாக மின்னியது. என் மஞ்சள் கயிறு பளிச்சென்றது.

"இன்னாம்மா, எல்லாத்துலயும் பட்டிருக்குது?" என்றார் கணவர்.

"அது சோப்புத்தூளு, மஞ்சள். டார்ச்ச அணைங்க. அணைச்சப்புறம் நிக்கிறதுதான் எங்களோடது."

அணைத்தார். ஊக்கின் வளைவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பச்சை நின்றது. பிறகு அதுவும் அடங்கியது. மகளின் நாக்கில், உதட்டில், விரலில் எதுவும் இல்லை.

"வாயில ஒண்ணுமில்ல, அப்புறம் ஏன் அழுவுற?" என்றார் நாத்தனார். "மீனுகூடத்தான் சில நாளு இருட்டுல மினுங்கும். அதத் தின்னுதான் உன் புருஷன் வளந்தான். அவன் மூஞ்சி எங்க மினுங்குது?"

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈறில் நசுங்கியிருந்தால், பாலின் கொழுப்பில் கரைந்திருந்தால், அது ஒளிராது. அவள் விழுங்கியிருந்தாலும் இருட்டுதான், விழுங்காவிட்டாலும் இருட்டுதான்.

கதிர்காமத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு பைக்கில் போனோம். பெண் மருத்துவர் பொருளின் பெயரைக் கேட்டு போனில் தேடினார். கிடைக்கவில்லை.

"யாரு தயாரிக்கிறாங்க?"

"நாங்கதான் மேடம். புதுசு."

"உள்ள போனா என்ன பண்ணும்?"

"இன்னும் யாரும் பார்க்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையை மறுநாள் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்.

மகள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் லேசாக உடம்பு சுட்டால்கூட என் மனம் அந்தப் பச்சைப் புள்ளிக்கே போகிறது.

ஊக்குகளை எடுத்துவிட்டேன். இப்போது கயிற்றைச் சப்புகிறாள். சட்டைக்குள் போட்டுப் பார்த்தேன். குனிந்து வேலை செய்யும்போது வெளியே வந்துவிடுகிறது. நூல் எதையும் உறிஞ்சும். ஆய்வகம் போகும் நாளில் தாலியைக் கழற்றி வீட்டில் வைக்கட்டுமா என்று கணவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வலையில் கிழிசல் தேட ஆரம்பித்தார். நாத்தனார்தான், "அவன் தண்ணியில இருக்கும்போதா?" என்றார். எங்கள் தெருவில் ஆள் கடலில் இருக்கையில் பெண்கள் பழைய கயிற்றை மாற்றக்கூட மாட்டார்கள். அதை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். காற்று ஏறி, போட் இன்னும் கரை சேராத நாளில் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் எடுத்த விடுப்பு முடியப் போகிறது. படித்த படிப்பை விட மனமில்லை. அந்தப் பொருள் குழந்தைக்கு என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. செய்தவர்களில் ஒருத்தியான எனக்கும்தான் தெரியாது.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தையோடு ரசாயன வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். கணவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களும் இருப்பீர்கள். வேலைக்குப் போகும்போது நீங்கள் தாலியை என்ன செய்கிறீர்கள்? கழற்றி வைக்கிறீர்கள் என்றால், அவர் கரை திரும்பும் வரை மனதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.