டைமன் ஒன்பதின் நீலப் புள்ளி

போன ஞாயிறு வரை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒரு சீட்டு இருந்தது. டைமன் ஒன்பது. எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் வைத்த நீலப் புள்ளி. அந்தப் புள்ளியால்தான் என் சீட்டாட்ட ஜோடி எங்கள் கிளப்பில் கள்ளாட்டக்காரர் என்று பெயர் வாங்கினார்.

போடி கிளப்பில் ஞாயிறு மதியம் நாலு பேர், இரண்டு ஜோடியாக, பிரிட்ஜ் சீட்டு ஆடக் கூடுவோம். எனக்கு எதிரே ஜோடியாக உட்கார்ந்தவர் ஏலக்காய்த் தரகர். மூன்று வியாபாரிகளுக்குக் காய் பார்த்து எடுத்துக் கொடுப்பவர். மாதிரித் தட்டில் கொட்டிய காயின் பச்சையைப் பார்த்து அவர் தரம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது. பிரிட்ஜில் ஜோடிக்கு ஒரு செருமலால்கூடத் துப்புக் கொடுக்கக் கூடாது. ஜோடியைத் திட்டவும் கூடாது. துப்புக் கொடுக்காமல் ஆடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. திட்டாமல் இருப்பது எனக்கு ஆகவே ஆகாது. வங்கியில் வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய கோபத்தையெல்லாம் அந்த மேசையில்தான் கொட்டுவேன்.

ஒரு நாள் கையில் ஆர்ட்டினை வைத்துக்கொண்டே, ஆர்ட்டின் போட வேண்டிய இடத்தில் டைமனை இறக்கினார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போயிற்று. “கண்ணு என்ன அவிஞ்சா போச்சு, அண்ணே?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். “வயசாகுதுல்ல, மாப்ளே” என்று சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து சீட்டுக்கட்டை அவரே வாங்கி வந்தார். மரமண்டை, எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

சில வாரம் கழித்து, எதிர் ஜோடியில் ஆடும் குரங்கணி எஸ்டேட் மேனேஜர், மேசையில் விரித்திருந்த சீட்டுகளை உற்றுப் பார்த்தார். கட்டிலிருந்த டைமன்களை எல்லாம் பொறுக்கிப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் நீலப் புள்ளி.

“குறி போட்ட சீட்டு. எத்தனை நாளா நடக்குது இந்தச் சோலி?” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பழியில் பாதி ஜோடியான எனக்கும்தானே. ஒரு சீட்டைத் திருப்பினேன். முதுகு சுத்தமாக இருந்தது. அடுத்தவர் கையை வேவு பார்ப்பவன் முதுகில்தான் குறி போடுவான். சீட்டின் முகத்தில் வைத்த புள்ளி, சீட்டைப் பிடித்திருப்பவனுக்குத்தான் உதவும். ஆர்ட்டினும் டைமனும் இரண்டுமே சிவப்பு; தரகருக்கு அவை பிரித்துத் தெரியவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் அவர் கால் என் காலை அழுத்தியது. இத்தனை வருடத்தில் அவர் காட்டிய முதல் சாடை.

“நாந்தான் போட்டேன். தப்புத்தான்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் வாயை மூடிக்கொண்டேன். கையிலிருந்த டைமன் ஒன்பது எப்படியோ என் பைக்குள் போயிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். “சர்க்கரை கண்ணைத் தின்னுருச்சு, மாப்ளே. வெளிய தெரிஞ்சா எவன் என்னைய நம்பிக் காய் எடுப்பான்? கையும் மூக்கும் இருக்கு, கொஞ்ச நாள் ஓட்டிக்கிறேன். கள்ளன்னு சொல்லிட்டுப் போறாங்க, சீட்டுலதான.” அது அந்த வியாபாரிகளுக்குச் செய்த நியாயமா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பின் இரண்டு வருடம் காய் எடுத்தார். யாரும் குறை சொல்லவில்லை. கிளப் பக்கம் மட்டும் வரவே இல்லை.

போன மாதம் காலமானார். துக்க வீட்டில் மேனேஜர் என்னிடம், “நல்ல மனுசன். சீட்டுலதான் கை சுத்தமில்லை” என்றார். இனி தரகர் இழக்க வேலை எதுவும் இல்லை என்ற தைரியத்தில், போன ஞாயிறு அந்தச் சீட்டை மேனேஜர் முன்னால் வைத்தேன்.

“திருப்பிப் பாருங்க, சார்.”

திருப்பினார். மறுபடியும் திருப்பினார். கண் விஷயத்தைச் சொன்னேன்.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“அன்னைக்கு ஒரே ஒரு தடவை என் ஜோடி சாடை காட்டினார், சார். நானும் அதுப்படியே ஆடிட்டேன்.”

மேனேஜர் சீட்டைத் திருப்பித் தரவில்லை. தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.