அத்தியாயம் தொண்ணூறு

துறைமுகத்துக்கு எதிரே இருந்த நாலு மாடிக் கட்டடத்தில், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில், முப்பது வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளை எல்லாரும் அத்தியாயம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வந்ததில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து எந்தச் சாமான் வந்து இறங்கினாலும் அதற்கு ஒரு எண் போட வேண்டும். பில்லில் போடும் எண்ணும் சுங்கத்துக்குக் கொடுக்கும் தாளில் போடும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம். அறுபத்து நாலு என்றால் செருப்பு, தொண்ணூற்று நாலு என்றால் கட்டில் மெத்தை. பஸ்ஸில் ஒருவர் குடையோடு ஏறினால்கூட அக்காவின் வாய் தன்பாட்டுக்கு அறுபத்தாறு என்று முணுமுணுக்கும்.

இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா என்றால், உண்டு. அந்தப் பைத்தியத்தை நம்பித்தான் பாதித் துறைமுகம் பிழைத்தது. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு, பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, விழி பிதுங்கி ஓடி வரும் வியாபாரிகளை அவள்தான் கரையேற்றுவாள். தப்பான எண்ணைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. பெயின்டர். போன வருஷம் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. படுத்த படுக்கையிலேயே அவளை வம்புக்கு இழுப்பான்.

"ஏன்க்கா, நான் எந்த அத்தியாயம்?"

"ஒண்ணாவதுடா. உயிருள்ள மிருகம்."

கட்டில் ஆட ஆடச் சிரித்தான். அது நிஜமாகவே ஒன்றாம் அத்தியாயம்தான் என்று தெரிந்த பிறகு, டிரெஸ்ஸிங் மாற்ற வரும் நர்ஸிடமெல்லாம் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டான்.

டிரெஸ்ஸிங் எதற்கு என்றால், முதுகுத்தண்டு முடியும் இடத்தில் தோல் சிவந்து, விரல் நகம் அளவுக்குப் பிளந்திருந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், பம்பு வைத்த காற்று மெத்தை வேண்டும். அதில் வரிசை வரிசையாய் இருக்கும் அறைகள் மாறி மாறி ஊதி மாறி மாறி இறங்கும், அதனால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. புண் எலும்பைத் தொட்டால் ஆபரேஷன், அதற்கப்புறம் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

கால்கடுக்க ஊரெல்லாம் அலைந்தாள். எந்தக் கடையிலும் மெத்தை இல்லை. இப்போதெல்லாம் அது வருவதே இல்லை என்று கடைக்குக் கடை ஒரே பாட்டைப் பாடினார்கள். கடைசியில் வெளிநாட்டிலிருந்து தன் பெயருக்கே ஒன்று வரவழைத்தாள். பத்தே நாளில் பெட்டி வந்து இறங்கியது.

இங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அனுப்பியவன் பில்லில் முப்பத்தொன்பது என்று போட்டிருந்தான், அதாவது பிளாஸ்டிக் சாமான். பேசாமல் விட்டிருந்தால் அன்று சாயங்காலமே பெட்டி வீட்டுக்கு வந்திருக்கும். விடுவாளா? எண் தப்பு என்று தன் கையாலேயே அடித்துவிட்டு, தொண்ணூறு என்று எழுதினாள். மருத்துவக் கருவி. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த மெத்தையைத் தொண்ணூறுக்குக் கொண்டுபோனவளே அவள்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு மெத்தை வியாபாரிக்காக, இது வெறும் பிளாஸ்டிக் இல்லை, மருத்துவக் கருவி, ஆகவே வரி குறைவு என்று பதினோரு பக்கத்தில் சுங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஜெயித்திருந்தாள். சுங்க அலுவலகம் அதையே நிலையான உத்தரவாகப் போட்டுவிட்டது.

அவள் படிக்காத ஒன்றும் இருந்தது. அந்த வகைக் கருவிகளை இறக்க இனிமேல் சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தம்பி விழுந்து அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த வாரத்தில் வந்தது அது. அனுமதி எங்கே என்று கேட்டுச் சுங்கத்தில் பெட்டியை நிறுத்திவைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மெத்தை வியாபாரிக்குப் போன் செய்து கேட்டாள். அந்த அனுமதிக்கு அலைய முடியாமல்தான் மெத்தை கொண்டுவருவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். கடை கடையாய் ஏன் காலியாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சுங்க அலுவலகத்தில் எண்ணைச் சரிபார்க்கும் மேஜையில் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார், தங்கமான மனுஷர். பழைய எண்ணையே இருக்க விடுங்கள், பிளாஸ்டிக் என்றே போடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினாள். முப்பது வருஷத்தில் அவள் அந்த மேஜையில் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவர் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். அவள் எழுதிய கடிதம்தான்.

"எனக்கும் மனசு கேக்கலக்கா. ஆனா பிளாஸ்டிக்னு நான் கையெழுத்துப் போட்டா, மேல இருக்கிறவங்க இதைத்தான் எடுத்து நீட்டுவாங்க. இதுக்கு ஒரு பதில் எழுதிட்டு வாங்க, போட்டுடறேன்."

இவ்வளவுதானா என்று உட்கார்ந்தாள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். இது காற்றடைத்த பைதானே என்று ஆரம்பித்தால், அதற்கு நாலாம் பக்கத்திலேயே பதில் இருந்தது. பம்பைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம் என்று பார்த்தால், ஏழாம் பக்கம் அந்த வழியை அடைத்துவைத்திருந்தது. ஒரு ஓட்டை உண்டா! தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நடுநடுவே எழுந்து போய்த் தம்பியைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தாள். தூக்க ஆளில்லாமல், ஒரு கை அவன் தோளிலும் ஒரு கை இடுப்பிலுமாகத் தள்ளுவாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் புரட்ட ஆள் இல்லை. நகம் அளவு இருந்த புண் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது.

வேறு வழியில்லாமல் சுகாதாரத் துறைக்கே மனுப் போட்டாள். டாக்டர் சீட்டில் முத்திரை சரியாக விழவில்லை என்று ஒரு தடவை திருப்பினார்கள். பெட்டியின் எடை எழுதவில்லை என்று இன்னொரு தடவை. சொல்லி அனுப்புகிறோம் என்று மூன்றாவது தடவை. கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறாய் என்று ஒருநாள் தம்பி கேட்டான். கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அவனும் கேலியும் கிண்டலுமாகக் கேட்டுக்கொண்டு வந்தான். ஒன்பதாம் பக்கத்தில், இந்தக் கருவி இல்லாமல் படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்குச் சில நாட்களில் தோல் கிழியும், கிழிந்தது எலும்பு வரை இறங்கும் என்று இருந்தது. அவன் கிண்டலை நிறுத்திவிட்டான்.

"தெரிஞ்சுதான் எழுதினியாக்கா?"

"இல்லடா. கம்பெனிக்காரன் புத்தகத்தப் பாத்து எழுதினேன்."

அவனாவது திட்டித் தொலைத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

அடுத்த வாரம் டிரெஸ்ஸிங்கைப் பிரித்த நர்ஸ், அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புண்ணின் அடியில் வெள்ளையாகத் தெரிவது சீழ் இல்லை, எலும்பு என்றாள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மறுநாள் ஆபரேஷன் நடந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த தம்பி, அவள் கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடினான்.

நாலாம் நாள் அனுமதி வந்தது. மனுப் போட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுங்க அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்காரர் ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது, பொருளின் பயன். அனுமதிச் சீட்டில் எழுதியிருப்பதும் அந்தக் கட்டத்தில் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும், மாறினால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். சீட்டில், படுக்கைப் புண் வராமல் தடுப்பதற்காக என்று இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். படுக்கைப் புண் வராமல் தடுப்பதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முப்பது வருஷத்தில் தெரிந்தே அவள் எழுதிய முதல் பொய் அது. கண்ணாடிக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தினார்.