சித்தி மாற்றிவைத்த ஜேபிஜி

என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்ததுதான் சித்தியின் போட்டோ ஸ்டுடியோ. படம் எடுப்பது சித்தப்பா, அதைக் கம்ப்யூட்டரில் அழகாக்குவது சித்தி. பறக்கும் தலைமுடியை ஒவ்வொரு இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதற்காகப் பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிற பொறுமையெல்லாம் கம்ப்யூட்டருக்கே போய்விடும், மனிதர்களுக்கு மிஞ்சாது.

சித்தப்பாவோ அவசரக்காரர். முடித்த படத்தைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது திரையைப் பார்க்காமலே என்டரைத் தட்டுவார். மென்பொருள் தானாக ஜேபிஜி என்ற கோப்பு வகையில் சேமிக்கும். ஜேபிஜிக்கோ காலி இடம் ஆகாது, பின்னணி நீக்கிய இடத்திலெல்லாம் வெள்ளையை அப்பிவிடும். சித்தியின் ஒரு மணி நேர உழைப்பு அதோடு போச்சு.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?"

"கல்யாணத்தன்னிக்கே உங்கிட்ட குடுத்துட்டேனே!"

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று தெரிந்ததும், சித்தி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஜேபிஜியைப் பிஎன்ஜியாக மாற்றிவிட்டாள். பிஎன்ஜி, காலி இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கும். ஒரு வாரம் சண்டையே இல்லை. எனக்குத்தான் பொழுது போகவில்லை.

பிறகு, வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் படத்தோடு திரும்பி வர ஆரம்பித்தார்கள். விண்ணப்பத் தளங்கள் ஜேபிஜியைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை. முதல் ஆள் வந்தபோது சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படட்டும் என்று நினைத்திருப்பாள்.

நான்காவதாக வந்தவள் ஒரு நர்ஸ். அன்றே கடைசி நாள், ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். சித்தப்பா பதறிப்போய், கோப்பின் பெயரில் பிஎன்ஜி என்பதை அழித்து ஜேபிஜி என்று எழுதினார். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? தளம் மறுபடி துரத்தியது.

சித்தப்பா மவுஸைப் பிடித்தபடியே சித்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னத்தை அழுத்தினேன்னே ஞாபகம் வரல. நாலு நாளா இப்படித்தான். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில அவருக்கு என் பேரே தெரியல."

சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. மவுஸை வாங்கி, படத்தை ஜேபிஜியாகவே எடுத்துக் கொடுத்தாள். ஐந்தடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது தளம் ஏற்றுக்கொண்டது. நர்ஸ் நன்றி சொல்லிவிட்டு ஓடினாள்.

"நான்தாங்க மாத்தி வெச்சேன்," என்றாள் சித்தி. "உங்க மேல இருந்த கோவத்துல சொல்லாம விட்டுட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இன்று கடை இரண்டுபடும் என்று நினைத்தேன். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"அப்ப நான் நல்லாத்தான் இருக்கேனா?"

"உங்களுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க," என்று சொல்லும்போதே சித்தி அழுதுவிட்டாள்.