காதுக்குள் ஓடிய மில்

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. இங்கிலீஷில் அடித்த மனுவைத்தான் மேனேஜர் படிப்பார். ஆபீஸில் டிக்ஷனரி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் இருந்தது. குறைகுடம் கூத்தாடத்தானே செய்யும்.

ஒரு மத்தியானம், நூற்பு மிஷினில் பல வருஷமாக நின்ற மானகிரிக்காரர் ஒருவர் வந்தார். "தம்பி, காதுக்குள்ள ஒரே சத்தமா இருக்கு. பஞ்சு குடோனுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க."

எந்தச் சத்தம் என்று எழுதுவது? டிக்ஷனரியைப் பிரித்ததும் அசந்துபோனேன். காதில் விழுவதெல்லாம் சவுண்ட். வேண்டாத சத்தம் நாய்ஸ். வண்டின் ரீங்காரம் ஹம், பாம்பின் சீறல் ஹிஸ், மணியோசை ரிங். நம் 'கணகண'வுக்குப் பின்னால் 'என்று' வர வேண்டும், அதற்கும் பின்னால் 'ஒலித்தது' வர வேண்டும். அங்கே ரிங் என்ற ஒரே சொல் பெயராகவும் இருக்கிறது, வினையாகவும் வேலை செய்கிறது. மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஹம்மா ஹிஸ்ஸா என்று வாயால் செய்து காட்டினேன். என் உதட்டையே பார்த்தவர் இரண்டாவதற்குத் தலையாட்டினார். அடுத்த கேள்வியைப் புத்தகத்தில் குனிந்தபடி கேட்டேன். பதில் இல்லை. உரக்கக் கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பினார், இவர் அசையவில்லை.

நூற்பு மிஷின் இரைச்சலில் யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரே நிற்பவர் புரிந்துகொள்வார். அந்தப் பழக்கத்தின் மறைவில் இவருடைய காது போயே போய்விட்டிருக்கிறது. எத்தனை காலமாகக் கண்ணாலேயே கேட்கிறாரோ!

அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "அண்ணே, காது கேக்கலையா?"

"அத மட்டும் எழுதிராதீக தம்பி. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாக."

காதில் நாய்ஸ் என்று மட்டும் அடித்தேன். மாற்றம் கிடைத்தது. அப்புறம்தான் எனக்குப் பயம் பிடித்தது. குடோன் அமைதியான இடம். அங்கே எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டும் பேசுவார்களே, ஒரே நாளில் மாட்டிக்கொள்வாரே என்று மறுவாரம் போய்ப் பார்த்தேன்.

பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் குடோன் ஆட்கள் நாலு பேர் அவருக்கு முகம் கொடுத்து நின்றிருந்தார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும் அந்த இடத்தில், ஒருவரும் குரல் எழுப்பாமல் உதட்டால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.