பெரட்டில் கூப்பிட்ட பழைய பெயர்கள்

தங்கையா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஜப்பான்காரன் போன மறுவருஷம், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. மாமியாராக வரப்போகும் நாகமணி எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து மகனைப் பற்றி இரண்டு வார்த்தையும் மருமகனைப் பற்றி இருபது வார்த்தையும் பேசினார். "எம் மக இராசம்மாவக் கட்டுனவன் தங்கையா இருக்கானே, பெரட்டுல இருநூறு பேரு பேரையும் தாளப் பாக்காமக் கூப்பிடுவான்" என்றார். தாளைப் பார்த்தாலும் தங்கையாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியும்போது எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அதுதான் பெரட்டு. கங்காணி பெயர் கூப்பிடுவார், நாங்கள் குரல் கொடுப்போம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தள்ளி நின்று குரல்களை எண்ணிக்கொள்வார். யார் யார் என்று எழுதுவதெல்லாம் பிறகு மலையில், கொழுந்து நிறுக்கும்போதுதான். தங்கையா அண்ணன் தன் அப்பாவுக்குப் பின் கங்காணியாகி முப்பது வருஷம் அப்படிக் கூப்பிட்டார். ஒரு பெயர் தவறியதில்லை.

1976-இல் அவருக்கு ஐம்பத்தோரு வயது. முதலில் தலைவலி வந்தது, பிறகு தாகம். கெண்டி நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி கெண்டியைத் தேடுவார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "இன்னிக்குச் சோறு இல்லியா?" என்பார்.

"இப்பத்தானே மூணு தட்டு தின்னீங்க" என்பாள் இராசம்மா.

"நானா?"

பட்டப்பகலில் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே தூங்கினார். தோட்டத்து மருந்து அறை டிரசர் சிறுநீரைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லை, போகலாம் என்றார்.

பிறகு ஒருநாள் பெரட்டில் "மணியம்மா" என்று கூப்பிட்டார். மணியம்மா செத்து ஆறு வருஷம். மணியம்மாவின் மகள் நீலாவதி என் பக்கத்தில்தான் நின்றாள். சற்று யோசித்து, "வந்தாச்சு" என்றாள்.

மறுநாள் நான்கு பெயர் அப்படி வந்தது. அடுத்த மாதம் பாதிப் பெயர்கள் பழையவை. செத்தவர்கள், கியா பார்முக்குக் காய்கறி வேலைக்குப் போய்விட்டவர்கள் எல்லாரும் அவர் வாயில் வரிசையாக வந்தார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் பெயருக்குப் பிள்ளைகள் குரல் கொடுத்தோம். கங்காணி வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இராசம்மாவுக்கு இழுப்பு நோய், மலையேற முடியாது. கடைசி மகள் சாரதா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எங்கப்பன், இன்னிக்கு எங்க சித்தப்பன். நாளைக்கு யாரோ லா" என்று எங்கள் வரிசையில் நிற்கும் ராமையா சிரிப்பான்.

"உனக்குப் பரவால்ல. என்னைய எங்க மாமியாராக்கிட்டாரு" என்றேன்.

"அந்த வாய்க்கு அது பொருத்தந்தான் அக்கா" என்றாள் நீலாவதி.

ஆமாம், என் முறைக்கு "நாகமணி" என்றுதான் கூப்பிட்டார். மாமியின் பாடைக்கு முன்கொம்பைத் தூக்கியவரே அவர்தான். நானும் "வந்தாச்சு" என்றேன். இப்படி ஏழு மாதம் ஓடியது.

ஒருநாள் வளைவில் கொழுந்து லோரி அவருக்குப் பக்கவாட்டில் வந்தது. ஹார்ன் கேட்டு நேர் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்த லோரி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ராமையா சட்டையைப் பிடித்து இழுத்ததில் உயிர் தப்பியது. கால் மணி நேரம் கழித்து, "சட்டைய யாரு கிழிச்சது?" என்று கேட்டார்.

மறுநாள் பெரட்டில் "நாகமணி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நாகமணி."

நீலாவதி என் முழங்கையை இடித்தாள். "சொல்லுங்க அக்கா."

கிராணி செல்வராஜு தலையைத் தூக்கினார். "நாகமணி வரலியா, கங்காணி?"

"மாமி செத்து ஒம்பது வருஷமாச்சுண்ணே" என்றேன். "நீங்கதான் முன்கொம்பு தூக்குனீங்க."

அண்ணன் என்னையே பார்த்தார். அப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகும். "எனக்கு யாரும் சொல்லலியே, தங்கச்சி" என்றார்.

அன்று சாயங்காலம் இராசம்மா என் வாசலில் நின்றாள். "எங்கள நடுரோட்டுல நிறுத்திட்டீங்களே அண்ணி."

"லோரி அடிச்சிருந்தா வீட்ட வச்சு என்னடி பண்ணுவ?"

அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தோட்ட மேனேஜர் துரை அவரைத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரரும் நானும் கூடப் போனோம். இராசம்மா பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். டாக்டர் ஒரு தமிழர். மூளைக்கு அடியில், நட்டநடுவில் ஒரு கட்டி என்றார். "பசி, தாகம், தூக்கம் எல்லாத்தையும் பாத்துக்கிற இடம் அது. கண்ணு நரம்பும் ஒட்டித்தான் போவுது. புதுசாக் கேக்குறத உள்ள கொண்டுபோய் வைக்கிற வழியும் அந்தப் பக்கந்தான். அந்த வழிய கட்டி அமுக்குது. பழசு வேற எடத்துல பத்திரமா இருக்கு, அதான் அதையே சொல்றாரு. பைத்தியமில்ல." எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான்தான் சொன்னேன். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் கண் இன்னும் கொஞ்சம் தப்பியிருக்கும் என்றார். பாவம் பார்த்து நாங்கள் மறைத்த ஏழு மாதம் அது. அதில் என் குரலும் உண்டு.

கட்டியை எடுத்தார்கள். தலைவலி போனது, தாகம் மருந்தில் அடங்கியது. பக்கப் பார்வையும் புது ஞாபகமும் திரும்பவில்லை. வீட்டைக் காலி செய்யத் துரை மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் சாரதா படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். வீடு நின்றது. டீச்சராக வேண்டும் என்று இருந்த பெண். இராசம்மா என்னிடம் மறுபடி பேசியது ஆறு வருஷம் கழித்து, சாரதா கல்யாணச் சமையலில். "உப்ப எங்க வச்சீங்க அண்ணி?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

தங்கையா அண்ணனுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. ரிங்லெட்டில், அணைக்குப் போகும் சாலையோரம், சாரதா வீட்டில் இராசம்மாவோடு இருக்கிறார்.