பாதியில் அறுந்த பாசுரம்

போன புதன்கிழமை தபாலில் ஒரு கேசட் வந்தது. ஜெர்மனி ஸ்டாம்ப். பிரித்துப் பார்த்தேன்.

அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட நான்கு வெள்ளைக்காரர்கள். அவர்கள் தலைக்கு மேல் சங்கும் சக்கரமும். பின்னால் பொடி எழுத்தில் நன்றி — ரங்கராஜன், ஸ்ரீரங்கம்.

ரங்கராஜன் என் ஆபீஸ் நண்பர். பக்கத்து மேஜை. கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அவர் அப்பா நின்ற இடம். நானோ ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகும் பாலக்கரைக்காரன். போன வருஷம் ஊர் சுற்ற வந்த ஒரு ஜெர்மன்காரனை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனதும், "அவரு கேக்கறதுக்குத்தான் டேப் பண்றாராம், சும்மா ஒரு பாசுரம் சொல்லுங்க சார்" என்று கெஞ்சியதும் சாட்சாத் நான்தான். அவன் ஒரு மியூசிக் பாண்டு வைத்திருப்பான் என்று யார் கண்டது?

கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்குள் நின்று யாரோ பாசுரம் சொல்வது போலிருந்தது. அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன்.

இது கோஷ்டிக்காரர்கள் காதில் விழுந்தால்? இனி வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டால்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பங்குச் சாமியாரிடம் இதை எந்தப் பாவத்தில் சேர்த்துச் சொல்வது — நீங்களே சொல்லுங்கள்!

கேசட்டைத் துணி பீரோவில் ஒளித்தேன். பீரோ யாருடைய ராஜ்யம்? என் மனைவி ஸ்டெல்லாவுடையது. சனிக்கிழமை சாயங்காலம் ரங்கராஜன் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, உங்க குரல் ஜெர்மனி போயிட்டு வந்திருக்கு, கேளுங்க!" என்று அவளே அதை எடுத்துப் போட்டுவிட்டாள்.

டம்... டம்... டம்... மிஷின் சத்தம். நடுவில் அவர் குரல். ஒரே வரி, திரும்பத் திரும்ப. அவர் முகத்தில் ஈயாடவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தேன். திடீரென்று பாசுரத்தின் பாதியில் குரல் அறுந்தது. விசில் மாதிரி ஏதோ ஊளையிட்டது. டேப் நின்றது.

ரங்கராஜன் எழுந்தார். "குழாய் எங்க இருக்கு? கை கால் அலம்பணும்."

போச்சு! பதினோரு வருஷ சிநேகத்தையும் சேர்த்து அலம்பிவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

போகவில்லை. ஈரக் கையோடு ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மிச்சப் பாசுரத்தைச் சேவித்து முடித்தார்.

"பாதியில நிறுத்தப்படாது சார். ஆரம்பிச்சவன்தானே முடிக்கணும்?"

"கோஷ்டியில தெரிஞ்சா...?"

"கேள்வி கேப்பா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன். ஆனா எங்கிட்டயே மறைச்சேளே... அதான் சார் தாங்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே, பின்பக்கமும் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக.

ரங்கராஜன் பெருமூச்சு விட்டார். கேட்பதற்கு முன்னாலேயே குழாயடிக்குப் போனார். இந்த முறை நானும் பின்னாலேயே போய், கை கால் கழுவிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.